ஈயக்குண்டு எந்த வரப்போரம் கிடந்தது?

மெட்டல் டிடெக்டரோடு காட்டில் (எங்கள் பேச்சில் காடு என்றால் விவசாய நிலம்) நடந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பவுனு ஏதாச்சும் சிக்குச்சுங்களா?" என்பதுதான். நான் தேடுவது பவுன் இல்லை. ஈயமும் துருப்பிடித்த இரும்பும்தான். பழைய படைகள் சிந்திவிட்டுப் போன துப்பாக்கிக் குண்டு, சட்டைப் பொத்தான், லாடம், இந்த மாதிரி.

இது கொங்கு நாட்டுக்கு ரொம்பத் தேவை என்று நினைக்கிறேன். 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடித்தது, 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் திப்புவும் கர்னல் ஃபிளாய்டும் மோதியது எல்லாம் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் எழுதி வைத்ததால் தேதியோடு இருக்கிறது. தீரன் சின்னமலை 1801-இல் காவிரிக்கரையிலும் 1802-இல் ஓடாநிலையிலும் 1804-இல் அறச்சலூரிலும் கும்பெனிப் படையை எதிர்த்து நின்றார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம், 1805-இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். சரி, அறச்சலூரில் எந்தக் காட்டில் சண்டை நடந்தது? யார் எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டார்கள்? நான் கேட்ட பெரியவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

அதற்கு மண்ணுக்குள் கிடக்கிற ஈயத்தால் பதில் சொல்ல முடியும். என் தாய்மாமன் தோட்டத்தில் கோடை உழவு முடிந்த பிறகு ஒரு குண்டு கிடைத்தது. பார்க்கக் கூழாங்கல் மாதிரிதான், வெளுத்த சாம்பல் நிறம், ஈயம் பல காலம் மண்ணில் கிடந்தால் மேலே அப்படி ஒரு வெள்ளைப் பூச்சு ஏறிவிடும். உள்ளங்கையில் வைத்தவுடன் கனம் காட்டிக்கொடுத்துவிட்டது. அச்சில் வார்த்தபோது விழுந்த கோடு நடுவில் லேசாக ஓடுகிறது, ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய தடம் நகத்தில் தட்டுப்படுகிறது. முழு உருண்டை, எங்கேயும் நசுங்கவில்லை.

நசுங்காததுதான் விஷயம். சுட்ட குண்டு மண்ணிலோ கல்லிலோ எலும்பிலோ மோதினால் பெரும்பாலும் தட்டையாகிவிடும். உருண்டையாகவே இருக்கிறது என்றால் அநேகமாக யாரோ பையிலிருந்து எடுக்கும்போது தவறவிட்டது, அதாவது சுட்டவர் நின்ற இடம். ஒரு பக்கம் உருண்டைகளும் கொஞ்ச தூரம் தள்ளித் தட்டைகளும் கிடந்தால், எங்கிருந்து எங்கே சுட்டார்கள் என்று கோடு போட்டுக் காட்டலாம். அளவும் பேசும். கும்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக்குழல் முக்கால் அங்குலம், குண்டு 17 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உள்ளூர்ப் படைகளின் திரித்துப்பாக்கிகளில் அந்த ஒரே சீரான அளவை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஒரே ஒரு குண்டை வைத்து "இங்கேதான் சின்னமலை நின்றார்" என்று எழுத மாட்டேன். வேட்டைக்குப் போனவர் போட்டதாகவும் இருக்கலாம். அது கிடந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஆழம் எழுதி, வரப்போடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-இல் நடந்த சண்டையை 1984-இல் தொல்லியலாளர்கள் இப்படித்தான் மறுபடி வரைந்தார்கள். 1983-இல் அங்கே புல் எரிந்து தரை வெளிப்பட்டிருந்தது. தன்னார்வலர்கள் டிடெக்டரோடு வரிசையாக நடந்து, சத்தம் வந்த இடத்திலெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். தோட்டா உறையில் துப்பாக்கி ஊசி குத்திய தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்று சொல்ல முடிந்தது. யாராவது முன்னாலேயே வந்து உறைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் அந்தப் படம் கிடைத்தே இருக்காது. இடம் தெரியாமல் அலமாரியில் இருக்கிற குண்டு எனக்கு வெறும் ஈயம்.

நம் மண் இந்த வேலைக்கு லேசில் ஒத்துவராது. செம்மண்ணில் இரும்புச்சத்து அதிகம், அதனால் கருவி சும்மாவே முனகும், காட்டுக்குக் காடு மண்ணுக்கேற்பச் சரிசெய்யவேண்டும். கொடுமணல் மாதிரி அந்தக் காலத்திலேயே இரும்பு உருக்கிய ஊர்ப்பக்கம் போனால் கசடு வேறு. அப்புறம் பிராந்தி பாட்டில் மூடி, பூச்சிமருந்து உறை, டிராக்டர் போல்ட்டு. இதற்குப் பயந்து இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிடுகிறார்கள். போர்ச் சாமான் தேடுகிறவர் அதைச் செய்யவே கூடாது, பீரங்கிக் குண்டும் லாடமும் அதோடு போய்விடும். பீரங்கியையும் தானியத்தையும் இழுத்தது மாடுகள்தான், அதனால் மாட்டு லாடம் கூட எனக்கு ஆவணம். (காங்கயம் காளை கட்டிய ஊரில் எந்த லாடம் படையுடையது, எது போன தலைமுறையுடையது என்று பிரிப்பது பெரிய பாடு.)

நிலத்துக்காரர் சம்மதம் முதல் படி மட்டும்தான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. உரிமை கோர யாரும் இல்லாமல், வேறு ஒப்பந்தமும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். "ஏதாச்சும் கெடச்சுதுன்னா காட்டையே புடுங்கிக்குவாங்களாமே கண்ணு" என்று மாமா பயந்தார். அந்தச் சட்டம் பொருளைப் பற்றியது, காட்டை எடுத்துக்கொள்வதைப் பற்றியது அல்ல என்று வாசித்துக் காட்டினேன். விஏஓவிடம் சொல்லி, கடிதமும் எழுதிப் போட்டோம். நான் உழவு புரட்டிய மண்ணுக்குக் கீழே போவதில்லை, அதற்குக் கீழே தோண்டுவது தொல்லியல் துறையின் வேலை. சங்ககிரி மாதிரி பாதுகாக்கப்பட்ட கோட்டைகள் பக்கம் கருவியைத் தூக்கிக்கொண்டு போவது கூடவே கூடாது.

இன்னொன்று, தயவுசெய்து. சூலூர்ப் பக்கம் இரண்டாம் உலகப்போர் விமானதளம் இருந்தது, மதுக்கரையில் ராணுவத்தின் துப்பாக்கி சுடும் களம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரிய இரும்புச் சத்தம் வந்தால் கடப்பாரையை எடுக்காதீர்கள். பழைய பீரங்கிக் குண்டிலும் உள்ளே மருந்து அடைத்த வகை உண்டு. உருண்டையில் ஓட்டை மாதிரி தெரிந்தால் தொடாமல், அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டுவிட்டு, தள்ளிவந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

மாமா தோட்டத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டில் தட்டையான குண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "மஞ்சள் வெட்டுனதுக்கு அப்புறம் வாங்க, ஆனா வாய்க்கால்கிட்ட மட்டும் கிண்டாதீங்க" என்றார்.