நீந்தாத ஒரு கடல் சவாரி விலங்கு

ஆபத்தான உலகில் பொருள் சேர்த்து உயிர்பிழைத்திருப்பதே நோக்கமான சர்வைவல் கணினி விளையாட்டுகளில் கடலுக்கென்று வரும் சவாரி விலங்குகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே விலங்கின் வெவ்வேறு அளவுகள்தாம் என்பது விளங்கும். முதலில் கிடைப்பது சிறியது, வேகமானது. அடுத்தது சற்றுப் பெரியது, கடி வலுவானது. கடைசியில் கிடைப்பது எதற்கும் அஞ்சாமல் ஆழத்தில் திரியும் பேருடல் கொண்டது. ஆட்டக்காரர் ஒன்றை விட்டு அடுத்ததில் ஏறும்போது எண்கள் உயர்கின்றனவே தவிர, கடல் அப்படியே இருக்கிறது. நாங்கள் ஒரு சிறு குழுவாக உருவாக்கிவரும் விளையாட்டுக்குப் புதிய கடல் சவாரி விலங்கு ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வேறு எதையும் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனையை எழுதி வைத்தேன்: இதன் முதுகில் ஏறியவருக்குக் கடல் வேறோர் இடமாகத் தெரிய வேண்டும்.

இந்த நிபந்தனையை ஓரளவு நிறைவேற்றிய விலங்குகள் ஏற்கெனவே உண்டு. 2015-இல் முன்னோட்ட வெளியீடாக வந்த 'ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு' விளையாட்டில் உள்ள பேசிலோசாரஸ் என்னும் பழங்காலத் திமிங்கிலம், நீர்ப்பரப்பின் அருகில் இருக்கும்போது காயம் ஆறி நலம் பெறுகிறது, ஆழத்திற்குச் சென்றால் மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. ஆட்டக்காரர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை எந்நேரமும் எண்ணிக்கொண்டே பயணம் செய்ய அந்த ஒரு விதி போதுமானதாக இருக்கிறது. ஒரு விலங்கின் உடல், கடலின் ஓர் அடுக்கோடு பிணைக்கப்பட்டிருந்தால் அந்த அடுக்குக்கு உயிர் வந்துவிடுகிறது என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன். ஆயினும் அதுவும் நீந்தும் விலங்குதான். மேல், கீழ், முன், பின் என எல்லாத் திசையும் சமமாகத் திறந்து கிடக்கும் வெளியில், தரை என்பது வெறும் காட்சியாக நின்றுவிடுகிறது. அந்தத் தரையை மிதித்து நடக்கும் ஒரு விலங்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அத்தகைய விலங்கு உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் ஸ்லாத் (மெதுவாக நகரும், நீண்ட நகங்கள் கொண்ட பாலூட்டி) இனத்தைச் சேர்ந்த தாலசோக்னஸ் என்னும் விலங்கின் புதைபடிவங்கள் பெரு, சிலி நாடுகளின் பசிபிக் கரையோரப் படிவுகளில் கிடைத்துள்ளன. 1995-இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான இந்தப் பேரினத்தில் ஐந்து சிற்றினங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் அவற்றின் வரிசையைப் பார்த்தால், நிலத்தில் திரிந்த ஒரு விலங்கு சிறிது சிறிதாகக் கடலுக்குள் இறங்கிய கதை எலும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய சிற்றினங்களின் பற்களில் மணல் உரசிய கீறல்கள் இருக்கின்றன. அலையடிக்கும் ஆழமற்ற நீரில் மணலோடு சேர்த்துக் கடற்புல்லை மென்றதன் அடையாளம் அது. பிந்தையவற்றின் பற்களில் அந்தக் கீறல்கள் இல்லை; அவை இன்னும் ஆழமான இடத்திற்கு மேய்ச்சலை மாற்றிக்கொண்டுவிட்டன. எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது எலும்பின் அடர்த்திதான். தலைமுறைகள் செல்லச் செல்ல எலும்புகள் கனத்து, உள்ளிருக்கும் மச்சைக் குழி ஏறத்தாழ அடைபட்டே போகும் அளவுக்கு இறுகியிருக்கின்றன. மிதக்காமல் மூழ்குவதற்காகவே கனத்த உடல் அது. நீண்டு வளைந்த நகங்களால் தரையைப் பற்றிக்கொண்டு, கடற்புல்லையும் அதன் வேர்த்தண்டையும் தோண்டித் தின்று, அது கடலடியில் நடந்திருக்கிறது.

தாலசோக்னஸ் தலை முதல் வால் வரை ஏறத்தாழ 2 முதல் 3 மீட்டர் நீளம் கொண்டது. ஒருவரைச் சுமந்து, சரக்கையும் சுமக்க வேண்டிய விளையாட்டு விலங்கை நான் அதைவிடப் பெரிதாக்கியிருக்கிறேன். அந்த உரிமையை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அடர்ந்த எலும்பையும் நகத்தையும் தொடவில்லை. விலங்கின் விதிகள் அனைத்தும் அவ்விரண்டிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

முதல் விதி எடை பற்றியது. சர்வைவல் விளையாட்டுகளில் சுமை என்பது எப்போதும் தண்டனை. அதிகம் சுமந்தால் வேகம் குறையும்; அளவு மீறினால் நகரவே முடியாது. இந்த விலங்கிடம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினேன். சுமையில்லாமல் நீரோட்டத்தில் இறங்கினால் அதன் கால்கள் தரையில் நிலைக்காது. நீர் அதைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். கல்லோ தாதுவோ ஏற்றினால் அடி உறுதிப்படும், நடை சீராகும், மற்ற எந்த விலங்கும் தாக்குப்பிடிக்க முடியாத நீரோட்டத்தைக்கூட அது குறுக்காகக் கடந்துவிடும். எனவே ஆட்டக்காரர் புறப்படும்போதே, போகும் வழிக்கு எவ்வளவு கல் வேண்டும், திரும்பி வரும்போது எதை இறக்கிவிட்டு எதை ஏற்றிக்கொள்வது என்று திட்டமிட வேண்டியிருக்கிறது. சரக்குப் பை என்பது பொருள் சேர்க்கும் இடம் என்ற நிலை மாறி, அதுவே விலங்கைச் செலுத்தும் கருவியாகிவிடுகிறது. இந்த வடிவமைப்பில் நான் மிகவும் விரும்பும் பகுதி இது.

எடையோடு ஆழமும் சேரும்போது இன்னொரு சிக்கல் உருவாகிறது. நீர்ப்பரப்பில் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு. 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. நுரையீரலில் அடைத்துச் சென்ற காற்று அங்கே பாதி அளவுக்குச் சுருங்குகிறது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகிறது. காற்று சுருங்கினால் மிதப்பு விசை குறையும். உடல் மேலும் கனக்கும். ஆகவே கீழே செல்லச் செல்ல விலங்கின் கால் நன்றாக ஊன்றும், மேலே வருவதோ கடினமாகும். நீந்தும் சவாரி விலங்கில் இருப்பவர் ஆபத்து வந்தால் நேராக மேல்நோக்கிப் பாய்ந்து தப்பிவிடலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. சரக்கோடு இருக்கும் விலங்கு சரிவு வழியாக நடந்துதான் கரையேற முடியும். அதனால் எந்தப் பள்ளத்திற்கு எந்தப் பக்கம் மெல்லிய சரிவு இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்தான பாறை நிற்கிறது என்பதெல்லாம் உயிர் காக்கும் அறிவாகின்றன. கடலுக்கடியில் தடங்கள் உருவாகும். ஒருவர் கண்டுபிடித்த ஏற்றத்தை இன்னொருவருக்குச் சொல்லித் தருவார்.

ஆபத்து வரும் திசையும் மாறிவிடுகிறது. நீர்ப்பரப்பின் அருகே நீந்துபவருக்கு அச்சம் கீழிருந்து வருகிறது. பெரிய வெள்ளைச் சுறா பல வேளைகளில் கீழிருந்தே பாய்ந்து இரையைத் தாக்கும். தரையில் நடப்பவருக்குக் 'கீழ்' என்ற ஒன்றே இல்லை. எதிரி பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோதான் வர வேண்டும். மேலிருந்து வந்தால் ஒளிரும் நீர்ப்பரப்பின் முன் அதன் கரிய உருவம் தெரிந்துவிடும். எனவே கேமராவை விலங்கின் தோளுக்குப் பின்னால், தாழ்வாக, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்தோம். கடல் விளையாட்டுகளில் பலருக்குத் தலைசுற்றல் வருவதற்கு, மேல் எது கீழ் எது என்று கண் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போவதும் ஒரு காரணம். இங்கே தரை எப்போதும் திரையின் அடியில் இருக்கிறது. எங்கள் சோதனையாளர்களில் கடல் பகுதிகளை வழக்கமாகத் தவிர்ப்பவர்கள் இந்த விலங்கின்மேல் நெடுநேரம் இருந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

மூச்சைப் பற்றிக் குழுவில் நிறையப் பேசினோம். சவாரி செய்பவருக்கு நீருக்கடியில் மூச்சே தேவையில்லை என்று வைத்துவிடுவது எளிது. பல விளையாட்டுகள் கவசம் அல்லது மருந்து வழியாக அப்படித்தான் செய்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூச்சடக்கி மூழ்குபவர்கள் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு: உடல் அசைவு குறையக் குறைய, அடக்கிய மூச்சு நீடிக்கும். அதையே விதியாக எடுத்துக்கொண்டேன். விலங்கின்மேல் அசையாமல் குனிந்து அமர்ந்திருப்பவரின் மூச்சளவு மிக மெதுவாகக் குறையும். ஈட்டியை வீசினாலோ, இறங்கிப் பாறையை உடைத்தாலோ வேகமாகக் கரையும். சவாரியின் பயன் இதில் தெளிவாகிறது. விலங்கு தன் உழைப்பைக் கொடுத்து ஏறியவரின் மூச்சைச் சேமித்துத் தருகிறது. சேணத்தையும் இதற்கேற்பவே வடிவமைத்தோம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் நிமிர்ந்து உட்காரும் குதிரைச் சேணம் இங்கே பொருந்தாது; மார்பு விலங்கின் கழுத்தோடு ஒட்டும்படி கிடக்கை இருக்கையும், தோள்பட்டைக்கு முன்னால் குறுக்கே செல்லும் இரண்டு வார்களும் அமைந்தன.

நகங்களுக்கு ஒரே ஒரு பொத்தான் ஒதுக்கியிருக்கிறோம். அதை அழுத்திப் பிடித்தால் விலங்கு முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி நிற்கும். அழுத்தியபடி இழுத்தால் தோண்டும். தோண்டும்போது வண்டல் கிளம்பி, முதலில் மணிக்கட்டு வரை, பிறகு தோள் வரை, கடைசியில் ஏறியவரின் முகம் வரை மெல்லச் சுருண்டு எழுகிறது. அந்தக் கலங்கல் சுறாவின் கண்ணிலிருந்து மறைக்கும். கூடவே ஆட்டக்காரரின் பார்வையையும் மறைக்கும். அப்போது எஞ்சுவது ஒலி மட்டுமே. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டரும் கடல்நீரில் சுமார் 1,500 மீட்டரும் செல்வதால், இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு நீருக்கடியில் மிகவும் சுருங்கிவிடுகிறது. மனிதருக்கு அங்கே திசை கண்டறிவது கடினம். ஆகவே கலங்கலுக்குள் எதிரியின் ஒலியை இடம், வலம் பிரிக்காமல் எல்லாப் பக்கமிருந்தும் ஒலிக்க வைத்தோம். திசையை விலங்கின் தலையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறது. திரையில் அம்புக்குறி வைக்கலாம் என்ற யோசனையை நான் உறுதியாக மறுத்துவிட்டேன். விலங்கை உற்றுப் பார்க்க ஆட்டக்காரருக்கு ஒரு காரணம் இருந்தால்தான் அதன்மீது அன்பு வளரும்.

நடைக்கு முன்மாதிரியாக நீர்யானையை எடுத்துக்கொண்டோம். நீர்யானை உண்மையில் நீந்துவதில்லை. ஆற்றின் அடித்தரையை உதைத்து எழும்பி, மிதந்து இறங்கி, மீண்டும் உதைக்கிறது. எங்கள் அனிமேஷன் நண்பர் அந்த மிதந்து இறங்கும் நொடிகளை நீட்டி, ஊன்றும் கணத்தைச் சுருக்கி, ஒவ்வொரு பாதமும் தரையின் மேடுபள்ளத்திற்கேற்பத் தானாகச் சாயும்படி செய்தார். சுமை கூடக் கூட மிதக்கும் நேரம் குறைகிறது. இதனால் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை எண்ணைப் பார்க்காமல் நடையை வைத்தே சொல்லிவிடலாம்.

பழக்கும் முறையில், அடித்து மயக்கி உணவூட்டும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. இந்த விலங்குக்கு மேலிருந்து வருவதெல்லாம் பகை. தாலசோக்னஸ் வாழ்ந்த காலத்தில், இன்று அழிந்துபோன பேருருவ மெகலோடான் சுறாவும் இருந்தது. எனவே நீந்தி நெருங்குபவரைக் கண்டால் அது விலகி ஓடும். ஆட்டக்காரர் இரு கைகளிலும் கல்லை எடுத்துக்கொண்டு மூழ்கி, அதன் பக்கத்தில் கடலடியில் நடக்க வேண்டும். அது மேயும் இடத்தில் நிற்க வேண்டும். மூச்சுக்காக அது மேலெழும்போது கல்லைப் போட்டுவிட்டுத் தானும் எழ வேண்டும். அது மூழ்கும்போது மீண்டும் மூழ்க வேண்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு அது தான் தோண்டிய குழிக்கு அருகில் இடம் விடும். கல்லின் எடை மூழ்கவும் நடக்கவும் உதவுகிறது என்பதை, சவாரிக்கு முன்பே ஆட்டக்காரர் தன் உடலால் கற்றுக்கொள்கிறார். தனியாக விளக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

குழுவில் எழுந்த வலுவான மறுப்பு வேகத்தைப் பற்றியது. நீந்தும் மனிதரைவிடச் சற்றே கூடுதலான வேகம் கொண்ட விலங்கை யார் விரும்பி ஏறுவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேகத்தைக் கூட்டினால் சரிவுகளைப் பார்க்க நேரமிருக்காது, நீரோட்டத்துக்கு அஞ்ச வேண்டியிராது, கலங்கலில் காத்திருக்கும் பதற்றமும் கலைந்துவிடும். வேறு எதனாலும் கொண்டுவர முடியாத கனமான தாதுவைக் கடலடியிலிருந்து கரை சேர்க்கும் ஒரே வழி இந்த விலங்குதான் என்று வைத்ததும் வாதம் பெரும்பாலும் அடங்கியது. அவசரமாகக் கடலைக் கடக்க வேண்டியவருக்கு வேறு விலங்குகள் இருக்கின்றன.

இப்போது வேலை என் கையை விட்டு வரைபடக் குழுவிடம் சென்றிருக்கிறது. நீந்திக் கடப்பதற்காக வரையப்பட்ட கடலடி, நடப்பதற்குப் போதாது. பாறைகளுக்கு நடுவே விலங்கு நுழையும் அகலம் வேண்டும். கடற்புல் வெளிகள் ஒளி எட்டும் ஆழத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் சரக்கோடு ஏறிவரக் குறைந்தது ஒரு சரிவாவது வேண்டும், அதுவும் எளிதில் கண்ணில் படாத பக்கத்தில். பலர் சேர்ந்து விளையாடும்போது ஒருவர் கிளப்பிய கலங்கல் மற்றவர் திரையிலும் அதே இடத்தில், அதே அடர்த்தியில் தெரிய வேண்டும் என்பது நிரலாளர்கள் முன் இருக்கும் பெரிய சவால். அது சரியாகும் வரை விலங்கை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், குழுவும் இசைந்திருக்கிறது.