குடி பார்த்தாயிற்று, இரத்தமும் பார்ப்போம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கலியாணம் பேசும்போது குடி, அதாவது குலம், எதுவென்று கேட்காத வீடு குறைவு. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி எண்ணுகிறோம். ஒரே குடிக்குள் சம்பந்தம் இல்லை. மாமன் மகள் என்றால் குடி வேறு, தடையும் இல்லை. குடி வேறானால் இரத்தமும் வேறு என்ற நம்பிக்கை இங்கேதான் பிழையாகிறது.

குடி போகும் அதே வழியில், தாயிடமிருந்து மட்டும் வருவது மைட்டோகொண்ட்ரியா டி.என்.ஏ. அதில் இருப்பவை வெறும் 37 மரபணுக்கள். மற்ற ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் கிட்டத்தட்ட எல்லாமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றன. மச்சானின் அம்மப்பாதான் மச்சாளின் அப்பப்பா. இருவருக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது.

அந்தப் பொதுப் பங்கில் ஒரு பழுதும் இருக்கலாம். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் 11ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவின் பழுது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி, அதாவது பழுதைச் சுமப்பவர். அவர் நோயாளி அல்ல. இரண்டு காவிகள் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் நோயுள்ள பிள்ளைக்கு வாய்ப்பு. முதல் பிள்ளை சுகமாகப் பிறந்தது அடுத்த பிள்ளைக்கு உத்தரவாதம் ஆகாது. கடும் நோயுள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தால் சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க மருந்தும் வேண்டும்.

காவியா என்று அறிய முழு மரபணுத் தொகுதியையும் வாசிக்கத் தேவையில்லை. முதலில் எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கை. அதில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80க்கும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவிலுள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27க்கும் கீழே என்றால் சந்தேகம். அடுத்தது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி.; அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் காவி. ஹீமோகுளோபின் இ என்பது இதே மரபணுவின் இன்னொரு மாற்றம்; அதன் காவிகளின் எம்.சி.வி. சாதாரணமாகவும் இருக்கலாம். அப்படி ஒருவரும் பீட்டா காவி ஒருவரும் சேர்ந்தாலும் பிள்ளைக்குக் கடும் நோய் வரலாம் என்பதால், இருவருமே எச்.பி.எல்.சி. செய்துகொள்வது நல்லது.

பிழை அதிகம் நடப்பது இரும்புச்சத்தில். இரும்புக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காவியை மறைத்துவிடும். ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். மறுபக்கம், காவியின் சின்னச் சிவப்பணுவை இரும்புக் குறைவு என்று எண்ணி மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதும் உண்டு. கடந்த மூன்று மாதத்துள் இரத்தம் ஏற்றியிருந்தால் பரிசோதனையைத் தள்ளிப் போடுங்கள். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபாவின் காவிகளில் ஏ2 சாதாரணமாகவே இருக்கும், அதற்கு டி.என்.ஏ. பரிசோதனைதான் வழி.

காவி என்று தெரிந்தவுடன் பெண்ணைக் குறை சொல்லிச் சம்பந்தத்தை முறிப்பது அநியாயம். மற்றவர் காவியில்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கடும் நோய் வராது.

இந்த நோய்க்கு மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் சிகிச்சை 2023இல் பிரிட்டனில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். இங்கே இலங்கையில் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே கர்ப்பத்தின் பின் அறிவதை விட, சம்பந்தம் பேசத் தொடங்குமுன், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிந்த வயதிலேயே பார்த்துவிடுங்கள். அறிக்கையைத் தரகரிடம் கொடுக்காமல் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.