பறித்த பின் வரும் முதல் சில மணி நேரம்

காய்கறி விவசாயிகளோடு பழகும் பணியில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பறிக்கும் பக்குவத்தை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்த்தே முற்றலா பிஞ்சா என்று சொல்லிவிடுவார்கள். வெங்காயத் தாள் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கண்ணும் கையும் அறிந்ததில் தப்பு வருவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதில்தான் சேதம்.

பறித்த காயும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகும். விடியற்காலையில் பறித்துவிட்டு, வண்டி வரும் வரை கூடையை வெயிலில் விட்டால் சீக்கிரம் எழுந்ததன் பலன் போய்விடும். கேரட்டின் தழையையும் உடனே நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தழை ஆவியாக்கும் நீரெல்லாம் கிழங்கிலிருந்துதான் போகும்.

தக்காளியைக் கழுவுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூடேறிய பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பு வழியாக நீரை இழுக்கும். அந்த நீரில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். சில நாளில் தழும்பைச் சுற்றிக் கொழகொழவென்று அழுகும். அதனால் கழுவும் நீர் பழத்தைவிட 5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். அந்த நீரில் குளோரின் 100 முதல் 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். மண் கலக்கக் கலக்கக் குளோரினின் வீரியம் குறையும் என்பதால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் வசதி இல்லாத இடத்தில் கழுவாமல் சுத்தமான துணியால் துடைப்பதே மேல்.

குளிரில் வைத்தால் எல்லாக் காயும் கெடாமல் நிற்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் 0 டிகிரி ஏற்றது. கத்தரி, வெள்ளரியை 10 டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் தோலில் குழி விழும். பச்சைத் தக்காளியை அப்படி வைத்தால் பிறகு சரியாக நிறம் ஏறாது. வெளியே எடுத்த பிறகுதான் இந்தப் பாதிப்பு முழுதாகத் தெரியும் என்பதால், பழி பெரும்பாலும் விற்றவர் மேல் விழுகிறது.

பழுக்கும் தக்காளி, காய்களைப் பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவை விடும். அதனால் பக்கத்தில் இருக்கும் வெள்ளரி மஞ்சளாகும், கேரட் கசக்கும். அறை ஒன்றுதான் என்றால் தக்காளியைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். பெட்டியில் காயை அடுக்கும்போதும் விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே நிறுத்துங்கள். குவித்து நிரப்பினால் மேல்பெட்டியின் பாரத்தைக் காய்தான் சுமக்கும்.