சிஞ்சார் மலைக்கு யார் போயிருக்க வேண்டும்?

2014 ஆகஸ்ட் 3-ஆம் தேதி விடியும் முன்பே ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத அமைப்பின் படை வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் நுழைந்தது. அங்கே காவலுக்கு நின்றிருந்த குர்திய பெஷ்மெர்கா வீரர்கள், ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பின்வாங்கிப் போயிருந்தார்கள். அங்கே வாழ்ந்த சிறுபான்மைச் சமயத்தவரான யாசிதி மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலைமேல் ஏறினார்கள். ஆகஸ்ட் வெயில். தண்ணீர் கிடையாது. பல்லாயிரம் பேர். குழந்தைகள் தாகத்தில் செத்தார்கள்.

இந்த மக்களுக்காக வெளிநாட்டுப் படை வந்திருக்க வேண்டுமா, கூடாதா? போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் ஐ.நா. பற்றிய பாடம் நடத்தும்போது ஒரு மாணவி இதைத்தான் கேட்டாள். மேல்விஷாரத்திலிருந்து வருகிற பெண். "அடுத்த நாட்டுக்குள்ள போறது தப்புன்னு போன பாடத்துல சொன்னீங்க மிஸ். அப்போ இவங்க சாகட்டும்னு விட்டுடணுமா?" மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் பதில்: வந்திருக்க வேண்டும். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். கொலை நடக்கிற அந்தச் சில நாட்களில் எல்லைக்கோட்டைக் காட்டி ஒதுங்கி நிற்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் வருகிறவன் எதைச் செய்கிறான், எப்போது போகிறான், போன பிறகு யார் காவல் என்பதையும் அதே மூச்சில் கேட்டாக வேண்டும்.

சிஞ்சாரில் என்ன நடந்தது என்று பார்த்தால் இரண்டும் புரியும். ஆகஸ்ட் 5 அன்று வியான் தகீல் என்ற யாசிதி உறுப்பினர் ஈராக் நாடாளுமன்றத்தில் கதறி அழுதபடி உதவி கேட்டார். 7-ஆம் தேதி இரவு அமெரிக்க அதிபர் ஒபாமா வான்தாக்குதலுக்கு அனுமதி கொடுத்தார். 8-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. மலைமேல் தண்ணீரும் உணவும் போட்டார்கள். ஆனால் மேலே மாட்டிக்கொண்டிருந்த மக்களுக்குத் தரையில் வழி திறந்தவர்கள் விமானத்தில் வந்தவர்கள் இல்லை. சிரியா பக்கத்திலிருந்து குர்திய ஒய்.பி.ஜி. படையினரும், துருக்கியின் குர்திய ஆயுத அமைப்பான பி.கே.கே.யின் போராளிகளும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு பாதையை உண்டாக்கினார்கள். அந்தப் பாதை வழியாகத்தான் பெரும்பாலோர் நடந்து தப்பினார்கள். இதில் பி.கே.கே. அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்த அமைப்பு. மேலே ஒருவரும் கீழே இன்னொருவருமாக, ஒருவரை ஒருவர் அங்கீகரிக்காத இரண்டு தரப்பும் சேர்ந்துதான் அந்த உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆகஸ்ட் 14 அன்று மலை முற்றுகை உடைந்துவிட்டது, தனியாக மீட்புப் படை அனுப்பத் தேவையில்லை என்று ஒபாமா அறிவித்தார். அடுத்த நாள், ஆகஸ்ட் 15. மலைக்குத் தெற்கே கோச்சோ என்ற கிராமம் பல நாட்களாக முற்றுகையில் இருந்தது. அன்று ஐ.எஸ். ஆட்கள் ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். ஆண்களைத் தனியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னாளில் 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அந்த ஊர்ப் பெண். அவருடைய தாயும் ஆறு சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். விமானங்கள் வானத்தில் பறந்துகொண்டிருந்த வாரம் அது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள். கரும்பலகை இருந்த அறையில் அந்த மக்களைப் பிரித்து நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தாலே மேற்கொண்டு பாடம் நடத்த வரவில்லை.

மொத்தத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் கடத்தப்பட்டார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பத்து ஆண்டுகள் கழித்தும் வீடு திரும்பவில்லை. 2016 ஜூன் மாதம் ஐ.நா. விசாரணைக் குழு இதை இனப்படுகொலை என்றே அறிவித்தது. 2021 நவம்பரில் பிராங்க்பர்ட் நீதிமன்றம் ஐ.எஸ். ஆள் ஒருவனுக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு எழுத முடிந்த உலகத்துக்கு ஆகஸ்ட் 3 அன்று ஒரு ஊரைக் காக்க ஆள் அனுப்ப முடியவில்லையே என்ற ஆற்றாமை எனக்குப் போகவில்லை.

இதைப் பற்றி நான் முதலில் பேசியது மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அண்ணனிடம். எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்ததில் தொடங்கிய பழக்கம். மன்னார்க்காரர். 1990-இல் சிறுவனாகப் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் போய், கடைசியில் வேலூருக்கு வந்து சேர்ந்தவர். இந்திய அமைதிப்படையைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"வரக்கூடாது எண்டு நான் சொல்லமாட்டன் தங்கச்சி" என்றார். "அவங்கள் வரேக்க அம்மா செம்பில தண்ணி குடுத்தவ. சனம் மாலை போட்டது. ஆனா ஆரைக் கேட்டு வாறீங்கள், எப்ப போவீங்கள் எண்டு சொல்லிப்போட்டு வரோணும்."

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் அமைதி காக்கப் போன படை புலிகளோடு போரில் இருந்தது. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த இந்திய வீரர்கள், நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மருத்துவமனையால் பிழைக்கிற ஊர் எங்கள் வேலூர். இதை இங்கே உட்கார்ந்து படிப்பது கூடுதலாக வலிக்கிறது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும் அந்த மண்ணில் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது.

பெரும்பாலான பேச்சு இங்கேயே நின்றுவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். படை போய் ஐந்தாவது மாதம், 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் அவர்களைத்தான் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பலர் புத்தளத்திலேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 2002-இல் புலிகள் தரப்பே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டது.

அந்த மக்களுக்காக எந்த நாடு வந்தது? யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை மேடையில் இது பேசப்பட்டது? தமிழன் அடிபட்டால் உலகம் வர வேண்டும் என்று கேட்கிற நாம், தமிழ் பேசுகிற முஸ்லிம் அடிபட்டபோது, அடித்தவன் நம்மவன் என்பதால் வாயை மூடிக்கொண்டோம். சிறுபான்மையைக் காக்க வெளியார் வர வேண்டும் என்று பேசுகிறவர் இந்த இடத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். அண்ணனும் இதில் தயங்கவில்லை. எருக்கலம்பிட்டியில் அவரோடு படித்த பையன் ஒருவன் குடும்பத்தோடு துரத்தப்பட்ட செய்தி முகாமில்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நாங்கள் ஓடி வர ஒரு இந்தியா இருந்தது. அவையளுக்கு ஆர் இருந்தது?" என்றார்.

வெளியார் வந்து ஒழுங்காக முடித்துக்கொடுத்த கதை இல்லையா என்றால், இருக்கிறது. 1971. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தார்கள். கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) பாகிஸ்தான் ராணுவமும் ரசாக்கர், அல்-பதர் கும்பல்களும் இந்துக்களையும் அவாமி லீக் ஆட்களையும் தேடித் தேடிக் கொன்றார்கள். டிசம்பர் 7-இல் ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போரை நிறுத்து என்று வாக்களித்தன. எதிராக 11. டிசம்பர் 16-இல் டாக்கா விழுந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை திரும்பி வந்துவிட்டது. இந்தியாவுக்குச் சொந்த லாபமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டு மக்களே போராடிக்கொண்டிருந்தார்கள், போன படை சொன்ன வேலையை முடித்து வெளியே வந்தது. இன்று வேலூர் பாபுராவ் தெருவில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு வந்து அங்கே அறை எடுத்துத் தங்குகிற வயதானவர்களில் அந்த ஆண்டு நடந்தே எல்லை தாண்டியவர்கள் இருப்பார்கள்.

லிபியா இதற்கு நேர் எதிர். 2011 மார்ச்சில் ஆட்சியாளர் கடாபியின் படையிடமிருந்து பெங்காசி நகர மக்களைக் காக்க என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம் வந்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. மக்களைக் காக்கப் போன குண்டுவீச்சு ஆட்சியைக் கவிழ்க்கும் வேலையாக மாறி, அக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்த நாட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஐ.எஸ். வந்து உட்கார்ந்தது. 2015 பிப்ரவரியில் கூலி வேலைக்குப் போன 21 கிறிஸ்தவர்களைக் கடற்கரையில் கழுத்தறுத்தது. 20 பேர் எகிப்தியர்கள், ஒருவர் கானாக்காரர்.

ஈராக்கிலும் அப்படித்தான். 2007 ஆகஸ்ட் 14-இல் யாசிதி ஊர்களில் லாரிக் குண்டுகள் வெடித்துப் பல நூறு பேர் இறந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அந்த நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். படை இருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றல்ல.

ஆற்காட்டில் வரலாறு நடத்துகிறவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இன்னும் நிற்கிறது. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி: சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். சுமார் 200 வெள்ளைக்காரர்களோடும் 300 சிப்பாய்களோடும் வந்து ஆற்காட்டைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ், ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். முகமது அலி நவாப் ஆனார். பாதுகாப்புக்கான படைச்செலவு அவர் தலையில் விழுந்தது. அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு வரிவசூல் உரிமை. 1801-இல் நவாபுக்கு மிஞ்சியது பென்ஷன், கம்பெனிக்குக் கிடைத்தது நவாபின் கர்நாடகம் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) முழுவதும். அது சிறுபான்மையைக் காக்க நடந்த சண்டை இல்லை, அரியணைச் சண்டை. ஆனாலும் காவலுக்கு வருகிறவன் கணக்குப் புத்தகத்தோடு வருவான் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் அந்த வாசலைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்படியானால் என்னதான் கேட்கிறேன்? ஆபத்தில் இருக்கிற மக்களே கூப்பிட வேண்டும். வியான் தகீல் கூப்பிட்டதைப் போல. கொலையை நிறுத்துவது, வழி திறப்பது, மக்களை வெளியே கொண்டுவருவது, இதோடு வேலை நிற்க வேண்டும். ஆட்சியை மாற்றுவது, எண்ணெய்க் கிணறு, ராணுவத் தளம் என்று நீளக் கூடாது. கூடவே, அந்த மண்ணைத் தெரிந்த பக்கத்து மக்களுக்குக் கை கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அவையில் ஒரு வீட்டோவால் எல்லாம் முடங்கினால்? 2005-இல் உலக நாடுகள் அத்தனையும் இனப்படுகொலையிலிருந்து மக்களைக் காக்கும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டன. அந்தப் பொறுப்பையும் பாதுகாப்பு அவை வழியாகவே நிறைவேற்ற வேண்டும் என்று எழுதி வைத்ததுதான் அதன் ஓட்டை. 1994-இல் ருவாண்டாவில் கொலை உச்சத்தில் இருந்தபோது அதே அவை ஐ.நா. படையை 270 பேராகக் குறைத்தது. அதனால் அந்த அவை கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக மட்டும் ஒரு மீட்பைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். 1971-ஐயும் அப்படிச் சொல்லமாட்டேன்.

படை அனுப்ப முடியாத நாடும் கதவைத் திறக்கலாம். இதில்தான் எனக்கு நம் அரசுகள் மேல் கோபம். ஒரு கோடிப் பேருக்கு இடம் கொடுத்த இந்தியாவில் இன்றுவரை அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் ஆறு சமயத்தவரை மட்டும் பார்க்கிறது. தாலிபான்களும் ஐ.எஸ்.சும் குறிவைத்துக் கொல்கிற ஆப்கான் ஹசாராக்கள் ஷியா முஸ்லிம்கள், அதனால் அவர்களுக்கு அதில் இடமில்லை. இலங்கை அந்த மூன்று நாடுகளில் ஒன்றே இல்லை.

2021 நவம்பரில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மேல்மொணவூருக்கே வந்து முகாம் மக்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நல்ல காரியம். ஆனால் அண்ணனின் மகள் இங்கேயே பிறந்து, வேலூரிலேயே கல்லூரி முடித்தவள். குரூப் 4 தேர்வு எழுத முடியாது, பாஸ்போர்ட் எடுக்க முடியாது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் குடியுரிமைக்கு நாடாளுமன்றத்தில் என்ன பேசுவீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.