சித்திர மாஸ்டரும் கோயாவின் சாட்டர்னும்

சித்திர மாஸ்டரிடம் கலை ரசனை படித்தவர்களுக்கு அந்த ஒழுங்கு மறந்திருக்காது. முதலில் தலைப்பை மறை, பிறகு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார், பிறகு கைகள், கடைசியில்தான் முகம். ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'தன் மகனைத் தின்னும் சாட்டர்ன்' ஓவியத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

தலைப்பை மறைக்க வலுவான காரணம் உண்டு: அது கோயா வைத்ததல்ல. 1819இல் மட்ரிட்டுக்கு வெளியே வாங்கிய வீட்டின் சுவர்களில் அவர் வரைந்த 14 கறுப்பு ஓவியங்கள் எதற்கும் பெயர் எழுதிவைக்கவில்லை. ரோமப் புராணத்துக் கடவுளான சாட்டர்ன் விழுங்கியது பச்சைக் குழந்தைகளை. இங்கே கையில் இருப்பதோ வளர்ந்த ஆளின் உடம்பு. கோயாவுக்கு முந்திய ஓவியர் ரூபன்ஸ் 1636-38இல் வரைந்த சாட்டர்னில் மேலே நட்சத்திரங்களும் குழந்தையின் அலறும் முகமும் உண்டு. கோயாவிடம் இரண்டும் இல்லை.

வெளிச்சம் விழுவது தின்னப்படும் உடம்பின் முதுகில். தலை போய்விட்டது, ஒரு கையும் போய்விட்டது, மற்றது வாயில். கறுப்புக்கும் மண்ணிறத்துக்கும் நடுவே இரத்தச் சிவப்பு கொஞ்சம்தான், அதனாலேயே கண்ணில் அறைகிறது. இனிக் கைகள்: விரல்கள் முதுகுச் சதைக்குள் புதைந்து, மூட்டுகள் வெளிறியிருக்கின்றன. பசிக்குத் தின்பவன் இப்படிப் பிடிக்கமாட்டான். பறித்துவிடுவார்கள் என்று பயந்தவன்தான் பிடிப்பான். அதன்பின் முகத்துக்கு வந்தால், வெள்ளைவிழி தெறிக்கும் அந்தக் கண்கள் இரையைப் பார்க்கவேயில்லை என்பது விளங்கும். படத்தின் கொடூரம் இரத்தத்தில் அல்ல, தின்பவனின் பீதியில் இருக்கிறது.

'1792-93 நோயில் கோயாவுக்குக் காது கேட்காமல் போனது, ஆகவே இது பைத்தியத்தின் படம்' என்று எழுதினால் மாஸ்டர் புள்ளி வெட்டுவார். சரிதான். அதற்குப் பிறகும், 1825இல் பிரான்சின் போர்தோவில், காளைச் சண்டை லித்தோகிராப் (கல்லச்சு) தொடரை நிதானமாகச் செய்து முடித்த மனிதர் கோயா.

இன்னொரு பொறி, தூரிகைத் தடங்கள். சுவர்ச் சாந்தில் இருந்ததை 1874 முதல் ஓவியச் சீரமைப்பாளர் மார்த்தினெஸ் குபெல்ஸ் கன்வசுக்கு மாற்றியபோது வர்ணம் உதிர்ந்தது. உதிர்ந்த இடங்களில் மேல்பூச்சும் ஏறியது. மலிவு அச்சுப்படங்களில் முழங்கால் மண்ணிறம் பின்னணிக் கறுப்போடு அடைத்துப்போகும். ஆகவே தூரிகைத் தடத்தை வைத்து முடிவு சொல்வதற்கு முன், ஓவியங்கள் சுவரில் இருந்தபோது லோரான் எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கோ.