எழுதாமல் விட்ட இடம்

“படம் புடிச்சிக்குங்க தம்பி, ஆனா எந்தத் தோட்டம்னு மட்டும் எழுதிடாதீங்க” என்று அந்த அம்மா சொன்னபோது, இடத்தை எழுதிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. “சரிங்கம்மா” என்றேன். அந்த ஒரு சொல்லை எந்த மனநிலையில் சொன்னேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1960களில் நடக்கும் தோட்டத்துக் கதையொன்றைப் படமாக்க இடம் தேடி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பாவிலிருந்து ஈப்போ, சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் வரை, நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையிலேயே தனியாகக் காரோட்டிச் சென்ற பயணம் அது. பால்மரக் காடு என்கிற ரப்பர் தோப்பு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், கோயில் மூன்றும் அருகருகே வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். பால்மரம் நின்ற நிலமெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையாகிவிட்டதை நாம் அறிவோம். ஆனால் ஒளிப்பதிவுக்காகப் பார்க்கும்போதுதான் அந்த இழப்பின் அளவு தெரிகிறது. பால்மர நிரைகளுக்கிடையே காலை வெயில் சாய்ந்து தரைவரை இறங்கும். வளர்ந்த செம்பனையில் மட்டைகள் மேலே ஒன்றோடொன்று கூடிவிடுவதால் அடியில் பகலிலும் இருளே தங்கியிருக்கும். அரிதாகக் கிடைக்கும் பால்மரக் காடும், பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையுதிர்த்து நின்றால் கதைக்கு உதவாது.

இவையெல்லாம் ஒருசேர அமைந்த இடம் அந்த அம்மாவின் கோயிலுக்கு முன்னால் இருந்தது. தகரக் கூரை, முன்புறம் ஓர் அரசமரம், பின்னால் சுண்ணாம்புக் குன்று. லயத்து மக்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழாவுக்கும் வருகிறார்கள். விளக்கேற்றுபவர் அந்த அம்மாதான். தோட்டம் கைமாறிவிட்டது, கோயிலுக்கு நிலப்பட்டா இல்லை, புதிய நிர்வாகம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை என்றார். தனியார் நிலத்தில் படப்பிடிப்பு என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். கடிதத்தோடு வரைபடமும் போகும். அதில் கோயிலும் இருக்கும். இந்த நடைமுறையை நான் விளக்குவதற்கு முன்பே அவர் தம் போக்கில் புரிந்துவைத்திருந்தார்.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. அப்படி வாங்கப்படாத தோட்டங்களில், கோயிலைக் கட்டியவர்களுக்கு அது நிற்கும் மண் சொந்தமில்லை. இதை அறிந்த ஒருவன் வேறு எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும் என்று சில நாள்களில் தோன்றுகிறது.

வேறு சில நாள்களில் அப்படித் தோன்றுவதில்லை. செம்பனைக் குலை வெட்டுபவர்கள் நாள்தோறும் அந்தக் கோயிலைக் கடந்து போகிறார்கள். நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருப்பது வேறு, கோப்பில் ஏறுவது வேறு என்று எனக்கே பதில் சொல்லிக்கொள்கிறேன்; கோப்பில் ஏறிய ஒன்றுக்கு யாராவது ஒரு முடிவு எழுதியாக வேண்டும். ஆனால் அதே பயணத்தில் கோலகங்சாரில், 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய மரத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அருகே பார்த்தேன். அது இன்னும் நிற்பதற்குக் காரணம், அது அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். அந்த மரத்தைக் காப்பாற்றிய அதே வெளிச்சம் கோயிலைக் காப்பாற்றாது என்று முடிவுசெய்ய நான் யார்?

என் அறிக்கையில், அந்தத் தோட்டத்தையே சேர்க்காமல், வேறொரு தோட்டத்தின் பால்மரக் காட்டையும் லயத்தையும் குறித்து, கோயிலைப் படப்பிடிப்பு அரங்காக அமைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். “வழியில ஒன்னுகூட இல்லையா?” என்று இயக்குநர் தொலைபேசியில் கேட்டார். “பொருத்தமானது இல்லை” என்றேன். இதைப் பொய் என்று நான் கருதவில்லை. வெயிலும் கோணமும் போலவே அங்குள்ளவர்களின் சம்மதமும் பொருத்தத்தில் அடங்கும். சம்மதம் இல்லாத இடத்தை நான் எப்போதும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். என்றாலும் அன்று மறுத்தவர் ஒருவர் மட்டுமே. கோயில் குழு இருக்கிறது, தாமானில் இளைஞர்கள் இருக்கிறார்கள். நாளை இடிபட்டாலும் படத்திலாவது இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கக்கூடும். அவர்களைக் கேட்டிருந்தால், அந்த அம்மாவுக்குக் கொடுத்த சொல் என்னவாகியிருக்கும்?

நான்கு பக்கமும் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, நாளும் நேரமும் குறிப்போடு. நிலம் கேட்டு அந்த மக்கள் என்றாவது மனுச் செய்தால் அவை உதவும் என்பதால், குழுவிடம் கொடுத்துவிட நினைக்கிறேன். ஆனால் அவை தயாரிப்பாளரின் செலவில் எடுக்கப்பட்டவை. அவரைக் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்டால், அது எந்தத் தோட்டம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.