சும்மா இருப்பவளின் மழைக்காலக் குறிப்புகள்

நவம்பர் 8, 2024, வெள்ளி

மகளின் கல்வி உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். 'தாயின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அங்கிருந்த ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல சும்மாதானே இருக்கீங்க? கோடு போட்டுடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி வீடு வரும்வரை அது மனசை விட்டுப் போகவில்லை. சும்மா இருப்பது சாமியார்களுக்கே லேசில் வாய்க்காது என்பார்கள். ஐந்தேகாலுக்கு எழுந்து ஓடுகிற எனக்கு அது எப்போது வாய்த்ததோ.

எட்டு வருடம் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். மாமனார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டேன். அவர் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வீட்டு வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிலர் பாவப்படுகிறார்கள், சிலர் சோம்பேறி என்று நினைக்கிறார்கள். பிடித்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் நம்புவதில்லை.

நம்பாவிட்டால் போகட்டும். கணக்கு எழுதிய கை. மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். இனி இதையும் எழுதுவேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மாவு பொங்கவில்லை. மழை தொடங்கியதிலிருந்து மூன்றாவது தடவை.

கீழே மேட்டுப்பாளையத்தில் என் நாத்தனார் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் வழியும். அங்கிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வளைந்து ஏறினால் எங்கள் வீடு. மாவுக்கு அது வேறு தேசம். சமையல் குறிப்புகளெல்லாம் சமவெளிக்காரர்கள் எழுதியவை என்பது கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியாது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது, 94 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி ஏமாந்தால் பருப்பு கல்லாகத்தான் இருக்கும். குக்கரில்கூட அங்கே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து.

நான் கண்ட வழி: உளுந்தைக் கொஞ்சம் கூட்டுவது, அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுவது, கையால் நன்றாக அடித்துக் கரைப்பது. பிறகு பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையிலேயே வைப்பது. அப்படியும் பன்னிரண்டு மணி நேரம் போதாது. இன்று பதினாறு மணி நேரமாகியும் அசையவில்லை. தோசையாக ஊற்றிவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் நாலு சாப்பிட்டார். மகள்தான், "இட்லி எப்பம்மா ரிலீஸ்?" என்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறியதாகப் போனில் செய்தி. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியதிலிருந்து வருகிறது. பணத்தைவிட அதன் பெயர் எனக்குப் பிடிக்கும். உதவித் தொகை என்று வைத்திருந்தால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும். உரிமை என்று வைத்ததில், ஏற்கனவே செய்த வேலைக்கு என்ற பொருள் வந்துவிடுகிறது.

அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் நினைவுக்கு வந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பாதிப் பங்கு உண்டு என்றது. அன்றைக்குப் பேப்பரில் வந்ததை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, "நம்மகிட்ட சொத்து எங்க இருக்கு, பாதி கேக்கறதுக்கு" என்று சிரித்தார். டீ ஃபாக்டரி சம்பளத்தில் அதுவும் நியாயமான பதில்தான்.

பணத்தை என்ன செய்தேன் என்றும் எழுதவேண்டும். மாவுப் பாத்திரம் உள்ளே அடங்குகிற அளவில் ஒரு பெரிய ஹாட் பாக்ஸ், 740 ரூபாய்.

நவம்பர் 21, வியாழன்

ஹாட் பாக்ஸுக்குள் ஒரு டம்ளர் சுடுதண்ணீரையும் கூட வைத்தேன். மாவு பொங்கிவிட்டது. அதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதுக்கெல்லாம் பெட்டி வேணுமா புள்ள? நான் அடுப்புச் சாம்பல்ல வச்சேன்" என்றது.

எங்கள் வீட்டில் அம்மாவை 'அது' என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவில்லை, பழக்கம்.

அம்மா இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் வளர்ந்தது லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். ஒரு காம்பரா என்கிற அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு என்கிற திண்ணை. அந்தக் காம்பராவில் ஏழு பேர் இருந்தோம். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பும்போது சாயங்காலம் இருட்டிவிடும். அப்படியும் அதற்கென்று ஒரு அளவு இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அடுப்படி காய்ந்திருக்கவேண்டும். யார் வந்தாலும் பிளேன்டீ, பாலில்லாத டீ, தயாராக இருக்கவேண்டும், சீனி இல்லையென்றால் ஒரு கடி வெல்லம். குளித்த பிள்ளையின் தலை ஈரமாக இருக்கக்கூடாது.

இந்த மூன்றைத் தவிர மற்றதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. மூலையில் ஒட்டடை தொங்கும். துணி மடிப்பு கோணலாகத்தான் இருக்கும். அதைக் கேலி செய்தே நான் வளர்ந்தேன். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பிறகு ஒரு பெண் எதைக் கைவிடலாம் என்று முடிவெடுத்து வைத்திருந்ததை நாற்பது வயதில்தான் புரிந்துகொள்கிறேன்.

நவம்பர் 27, புதன்

அத்தை, என் மாமியார், மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருக்கிறார். பையை இறக்கியதும் முதலில் பீரோவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன கண்ணு, பூசண வாசம் அடிக்குது."

அடிக்கத்தான் செய்யும். பத்து நாளாக வெயில் இல்லை, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உப்பு தண்ணீராகிறது, நாலு அரிசி போட்டு வைக்கவேண்டும். தீக்குச்சி உரசினால் தலை உதிர்கிறது. தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். பீரோவுக்குள் இரவில் ஒரு குண்டு பல்பு எரிய விடுவேன், துணியில் படாமல் மேலே தூக்கிக் கட்டி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு போதாது. பழைய பல்பு போன வாரம் போய்விட்டது. அதைத்தான் அத்தை மோப்பம் பிடித்தார்.

அத்தையின் அளவு பித்தளை. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கில் முகம் தெரியவேண்டும். ஒரு காலத்தில் அவர் வருகிறார் என்றால் இரண்டு நாள் தேய்ப்பேன். நான் பயந்து செய்த வேலை அது. இந்த முறை தேய்க்கவில்லை. அவரே எடுத்துவைத்துத் தேய்த்தார், எனக்கு நெஞ்சு படபடத்தது. பாதியில் பார்த்தால் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சந்தோஷம்! பதினாறு வருடமாக நான் அதைப் பரீட்சை என்றே நினைத்திருந்தேன்.

இரவில் ஒரு சண்டை மட்டும் வந்தது. குளிர் தாங்காமல் கரி கணப்பைப் படுக்கை அறைக்குள் வைக்கச் சொன்னார். முடியவே முடியாது என்றேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். மலைக்குச் சுற்றுலா வந்து அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போனதுண்டு. "நாங்க பாக்காத குளிரா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணப்பைக் கூடத்தில் ஜன்னல் திறந்த பக்கமாக வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, சாக்ஸும் பள்ளிச் சீருடையும் காயப்போட்டேன். தூங்கப் போகுமுன் அணைத்துவிட்டேன். அத்தைக்கு வெந்நீர்ப் பையும் என் கம்பளியும்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததாம். இங்கே விடாத மழை, காலையிலிருந்து கரண்ட் இல்லை. மழை வலுத்தால் 2009 நவம்பர் நினைவு வரும் எங்கள் ஊரில் எல்லோருக்கும். அந்த மண்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இலை அடைக்காமல் பார்ப்பது அன்றிலிருந்து என் வேலை. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை போய்க் கிளறிவிட்டு வந்தேன். இதையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் அளவுகளை எழுதிப் பார்த்தேன். முதலில் பதினெட்டு வந்தது. வாசித்தபோது அசதியாக இருந்தது. பாதி டி.வி. விளம்பரத்திலிருந்து வந்தவை, பளிச்சிடும் வெள்ளைச் சட்டை மாதிரி. இங்கே மழை மாதத்தில் எந்தச் சட்டை பளிச்சிடும்? இன்னும் சில அத்தைக்குப் பயந்தவை. அடித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியவை இவை: தூங்கப் போகும்போது தொட்டியில் பாத்திரம் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காய்ந்த துணியும் சூடாகக் குடிக்க ஏதாவதும். வீணாகிற சாப்பாடு இல்லை. வாய்க்கால். அப்புறம், நான் உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

கடைசியைத்தான் இன்று மதியமே மீறினேன். நின்றுகொண்டே ரசஞ்சாதம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசலில் இருபத்தொரு அகல். எல்லாம் ஒரு மணி நேரம்தான், ஏழரைக்கு அணைத்து எண்ணெயோடு உள்ளே எடுத்துவிட்டேன். விளக்கில் உள்ள எண்ணெயைக் குடிக்கக் கோயில் கதவையே உடைக்கிற கரடிகள் எங்கள் பக்கத்தில் உண்டு. காய்கறித் தோல் வாளியையும் இரவில் வெளியே விடமாட்டோம். கரடி வராவிட்டால் காட்டுமாடு, அதுவும் வராவிட்டால் விடிந்ததும் குரங்கு. இந்த மலையில் வீட்டைச் சுத்தமாக வைப்பதில் பாதி, யாருக்கும் விருந்து வைக்காமல் இருப்பது.

அத்தை பொரி உருண்டை பிடித்தார். பாகு பதம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

மூன்று நாள் காய்ச்சல். இன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

படுத்துக்கொண்டே கேட்டதை எழுதுகிறேன். "ரசப்பொடி எதுல இருக்கு?" "சிகப்பு மூடி." "எல்லாமே சிகப்பு மூடிதாம்மா!" உண்மைதான். எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், எதிலும் பெயர் எழுதவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை, கையே போய் எடுக்கும். அவர் வெறும் மல்லித்தூளைப் போட்டு ரசம் வைத்தார். கேஸ் பதிவு செய்ய எந்தப் போன் நம்பர், பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, சீருடை எந்தக் கூடையில்... எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மகள் ஒரு நாள் ஈர சாக்ஸோடு பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

கோபம் வரவில்லை. முதல் நாள் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது, மறைக்கமாட்டேன். பார்த்தாயா, நான் இல்லாவிட்டால் என்ன ஆகிறதென்று. இரண்டாம் நாள் அந்த இனிப்பு போய்விட்டது. நான் கணக்கு எழுதிய கடையில் முதலாளி அடிக்கடி சொல்வார், ஒருத்தன் லீவு போட்டால் நின்றுபோகிற கணக்கு கணக்கே இல்லை என்று. வீட்டில் அப்படி ஒரு கணக்கைத்தான் நான் இத்தனை வருடம் பெருமையாக எழுதி வந்திருக்கிறேன்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டச் சொன்னேன். 'வெந்தியம்' என்று எழுதியிருக்கிறாள். திருத்தவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டதாக மகளின் தோழி ஒரு பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் நோட்டும் கடிகாரமுமாக ஒரு நாள் எடுத்துப் பார்த்தோம். எனக்கு 412, அவருக்கு 35. அதில் பத்து நிமிடம் அவர் செருப்பைத் தேடியது. "ராத்திரி ஷிஃப்ட் பாக்கறவன்கிட்ட கணக்கா?" என்றார். அப்புறம் நோட்டைத் திரும்ப வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

ஜனவரி 16, 2025, வியாழன்

காணும் பொங்கல். அம்மா, தம்பி குடும்பம், பக்கத்து வீட்டுப் படுகர் அக்கா என்று பதினோரு பேர். அக்கா அவரைக் கொட்டை போட்ட 'உதக்க' என்ற குழம்பு கொண்டுவந்தார், அம்மா தேங்காய்ச் சம்பல் அரைத்தது, நான் இட்லி. மாவு பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தது. அத்தை இரண்டு பேரிடம், "எம் மருமக பெட்டியில வச்சு பொங்க வச்சுட்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஒட்டட தொங்குது புள்ள" என்றது. நான் கேலி செய்ததையெல்லாம் மறக்கவில்லை போலிருக்கிறது.

ராத்திரி பாத்திரத்தை அவர் கழுவினார். கேட்கவில்லை, அவராகவே. ஊட்டிப் பக்கம் உறைபனி என்றார்கள், இங்கேயும் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை இழுத்தது. கழுவி முடித்து எல்லா டம்ளரையும் நிமிர்த்தி அடுக்கியிருந்தார். இந்தப் பனியில் அப்படி வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி காலையில் வாடை வரும். அவர் தூங்கிய பிறகு எழுந்து போய் நாலு டம்ளரைக் கவிழ்த்தேன். ஐந்தாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு வந்து படுத்தேன்.